ஒழுங்கைக்குச் சொன்ன பெறுபேறு

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வந்த அன்று காலையில்தான் வடக்கே ஒரு பெரிய இராணுவ முகாம் விழுந்துவிட்டதாகச் செய்தியும் வந்தது. இரண்டும் ஒரே நாளில் வந்து தொலைத்திருக்க வேண்டியதில்லை. என்னுடைய ராசி அப்படி.

முகாமைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. விடிந்ததும் விடியாததுமாகத் தலையைப் பின்னிக்கொண்டு, தேத்தண்ணிகூடக் குடிக்காமல், பள்ளிக்கூடத்துக்கு ஓடியிருந்தேன். கொட்டாஞ்சேனையில் எங்கள் வீடு இருந்த குறுகலான ஒழுங்கையிலிருந்து கூப்பிடு தூரம்தான். கேற்றடியில் திருவிழாக் கூட்டம் நின்றது. சோதனை எழுதியவர்கள் நாங்கள்; ஆனால் சத்தம் முழுவதும் தாய் தகப்பன்மாருடையது. தன் பிள்ளைக்கு என்ன வந்திருக்கிறது என்று பார்க்குமுன்பே அடுத்தவர் பிள்ளைக்கு என்ன என்று பார்த்துவிட்டு வந்தவர்களும் இருந்தார்கள்.

"வெள்ளவத்தைப் பக்கம் எத்தினை பேராம்?"

"அங்க மெடிசினுக்கே ஏழெட்டுப் பேர் எண்டு கதைக்கினம். இங்க என்ன, ஒண்டோ ரெண்டோ."

எங்கள் பள்ளிக்கூடம் எப்போதும் இப்படித்தான் கதைக்கப்படும். ரியூட்டரி மாஸ்டர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் இருந்தபடியே தன்னிடம் படித்த பிள்ளைகளின் ஏக்களைக் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தார். அவரிடம் படித்துப் பெயிலானவர்கள் பக்கத்திலேயே நின்று அழுதார்கள். அவர்களை அவருக்கு அன்று அடையாளம் தெரியவில்லை.

எனக்கு மூன்று ஏ, ஒரு பி. பள்ளிக்கூடத்தில் முதலாவது. மருத்துவ பீடம் நிச்சயம் என்றார் அதிபர். ஏழு வருடமாக என்னைப் பார்த்து ஒரு முறைகூடச் சிரித்திராதவர் கட்டிப்பிடித்துக்கொண்டார். "இனி எங்களை ஒருத்தரும் குறைச்சுக் கதைக்கேலாது" என்றார். வெளியே வந்து, முன்னாலிருந்த தொலைபேசிக் கடையிலிருந்து வெள்ளவத்தை மாமாவுக்குச் சொன்னேன். பிறகு சிரித்துக்கொண்டே வீட்டுக்கு ஓடினேன்.

ஒழுங்கைக்குள் நுழைந்ததும் ஏதோ பிழை என்று விளங்கிவிட்டது. எங்கள் ஒழுங்கையில் தமிழ் வீடுகள் மூன்றே மூன்று. மற்றவை எல்லாம் சிங்கள வீடுகள். அன்று எல்லா வீட்டிலும் வானொலி ஒரே குரலில் பேசிக்கொண்டிருந்தது. பைப்படியில் ஒருவரும் இல்லை. எப்போதும் ஏதாவது கேட்கிற கடைக்காரர் என்னைப் பார்த்துவிட்டு மறுபக்கம் திரும்பிக்கொண்டார். முகத்தில் இருந்த சிரிப்பை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

அம்மா கதவுக்குப் பின்னால் காத்துக்கொண்டு நின்றார். கையைப் பிடித்து உள்ளே இழுத்தார்.

"சிரிச்சுக்கொண்டே வந்தனி?"

"அம்மா, மூண்டு ஏ."

"மெல்லமாக் கதை. காம்ப் ஒண்டு அடிபட்டுப் போச்சாம். பக்கத்து வீட்டுப் பொடியன் அதுக்குள்ளதான் நிண்டவன்."

பக்கத்து வீட்டுச் சிங்களப் பெண்மணியை நான் நெந்தா என்று கூப்பிடுவேன். அவர்கள் அத்தையைக் கூப்பிடும் முறை அது. எங்கள் குசினி யன்னலும் அவருடைய குசினி யன்னலும் கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் இருந்தன. தேங்காய்ப் பாதியும் கறிவேப்பிலையும் அதன் வழியாகத்தான் போய்வந்தன. அவருக்கு இருந்தது ஒரே மகன். பட்டாளத்தில் இருந்தான்.

அம்மாவின் பயத்தை இங்கே சொல்லவேண்டும். எண்பத்துமூன்றுக் கலவரத்தில் வெள்ளவத்தையில் எங்கள் வீடு எரிந்தபோது எனக்கு ஆறு வயது. அதற்குப் பிறகு, அவர்கள் அழுகிற நாளில் நாங்கள் சிரிக்கக் கூடாது என்பதை அம்மா ஒரு விரதம் மாதிரிப் பிடித்துக்கொண்டார். எங்களுக்குத் தெரிந்த ஒரு வீட்டில், இப்படி ஒரு முகாம் விழுந்த நாளில், பிள்ளையின் பிறந்தநாளுக்கு வெடி கொளுத்தினார்கள். முகாம் விழுந்ததைக் கொண்டாடுகிறார்கள் என்று யாரோ போய்ச் சொல்ல, தகப்பனைப் பொலிஸ் கொண்டுபோனது. திரும்பி வந்தபோது அந்த மனிதரால் கையைத் தலைக்கு மேல் உயர்த்த முடியவில்லை. எங்கள் வீட்டில் கொண்டுபோவதற்கு இருந்தவர் அப்பா.

அந்த நேரம் பார்த்து யன்னலில் நெந்தாவின் முகம் தெரிந்தது. அழுது வீங்கியிருந்தது. அந்த நிலையிலும் கேட்டார்.

"துவ, ரிசல்ட்ஸ் ஆவத?"

மகளே, பெறுபேறு வந்ததா என்று கேட்கிறார். நான் வாயைத் திறந்தேன். அம்மா முந்திக்கொண்டார்.

"பெயில்" என்றார்.

பயத்தில் ஏற்கெனவே அம்மாவின் கண் நிறைந்திருந்தது. அதற்கு மேல் சாட்சி தேவைப்படவில்லை. "அனே" என்றார் நெந்தா, யன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டு.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்ச நஞ்சமல்ல. கரண்ட் இல்லாத இரவுகளில் மெழுகுதிரியில் முடி கருகப் படித்ததெல்லாம் ஒரே சொல்லில் போய்விட்டது. ஆனால் மறுத்துச் சொல்ல எனக்கும் துணிவு வரவில்லை. அப்பாவின் கையை நினைத்தேன். வாயை மூடிக்கொண்டேன்.

செய்தி ஒழுங்கை முழுவதும் பரவியது. நெந்தாவின் வாசலில் கூடி நின்றவர்கள் இடைக்கிடை எங்கள் வாசலுக்கும் வந்து ஆறுதல் சொல்லிப் போனார்கள். எதிர்வீட்டுக் கிழவர் அடுத்தமுறை ஆர்ட்ஸ் எடுக்கச் சொன்னார். கெட்டிக்காரி என்று எனக்கு ஒரு பெயர் இருந்ததால் ஓரிருவருக்கு உள்ளூரத் திருப்தி, அதையும் கவனித்தேன். தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். நடிக்க அவ்வளவு கஷ்டமாக இருக்கவில்லை. பயந்த முகமும் பெயிலான முகமும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

மத்தியானம் மாமா வந்து இறங்கினார். ஒரு கையில் பெரிய கேக் பெட்டி. மற்றக் கையில் ஒரு பை. அம்மா பைக்குள் பார்த்தார். சீனவெடி. அப்படியே கொண்டுபோய் வாளித் தண்ணீருக்குள் அமிழ்த்தினார்.

"என்னக்கா நீ? பிள்ளை டொக்டராகப் போகுது. செத்தவீடு மாதிரி வைச்சிருக்கிறாய்."

"பக்கத்தில செத்தவீடோ இல்லையோ எண்டு தெரியாமக் கிடக்கு. நீ வெடியோட வாறாய். இவரைக் கொண்டுபோனா ஆர் போய் எடுக்கிறது? நீ போவியே?"

கேக் பெட்டியைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டு, மாமாவைப் பின்பக்கத்தால் அனுப்பினார் அம்மா. அதன்பிறகுதான் அம்மாவுக்குச் சரியான பயம் பிடித்தது. ஒழுங்கை நெடுக அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தானே, யார் யார் கண்டார்களோ, பெயிலான பிள்ளைக்கு யாராவது கேக் கொண்டுவருவார்களா என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டிருந்தார்.

அப்பா துறைமுகத்தில் கிளார்க். வேலை முடிந்து வந்தவரை ஒழுங்கை முகப்பிலேயே கடைக்காரர் மறித்துத் துக்கம் விசாரித்திருக்கிறார். மனிதர் ஒழுங்கை முழுவதையும் பெயிலான பிள்ளையின் தகப்பனாக நடந்து வந்து சேர்ந்தார். முகம் வெளுத்திருந்தது. சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"பரவாயில்லை பிள்ளை. திரும்ப எடுக்கலாம்."

காதுக்குள் சொன்னேன். "மூண்டு ஏ, அப்பா. ஸ்கூல் ஃபர்ஸ்ட்."

அவருக்குச் சிரிப்பு வெடித்தது. அம்மா பாய்ந்து வாயைப் பொத்தினார். பொத்திய கைக்குள்ளேயே அப்பா சிரித்தார், கண்ணால் தண்ணீர் ஓட ஓட. அன்று என் பெறுபேற்றுக்காக யாராவது சந்தோஷப்பட்டதை நான் பார்த்தது அவ்வளவுதான்.

பொழுது படுகிற நேரம் கதவு தட்டப்பட்டது. மூவரும் அசையாமல் நின்றோம். வந்தவர் நெந்தா. தலை முடியாமல், காலையில் உடுத்த உடுப்போடு இருந்தார். மகனைப் பற்றி இன்னும் ஒரு தகவலும் இல்லை என்றார். வந்து கட்டிலில் இருந்தார். கீழே கேக் பெட்டி இருந்தது. நான் அவருடைய காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்சம் பின்னுக்கு இழுத்தால் பெட்டியில் படும்.

"பனின்ன எபா" என்றார் அம்மாவிடம். ஏசாதே என்று அர்த்தம். பிறகு அம்மாவுக்கு விளங்கட்டும் என்று சின்னச் சின்ன வசனமாகச் சிங்களத்தில் சொன்னார். என் மகன் முதல் தடவை பெயிலானான். நான் பேசாமல் இருந்தேன். இரண்டாம் தடவையும் பெயில். அன்று ஏசினேன். உனக்குச் சோறு போட்டு எனக்குக் களைத்துவிட்டது என்றேன். அந்தக் கிழமையே போய்ப் பட்டாளத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டான். நான் அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால் இன்றைக்கு வீட்டில் இருப்பான். நீ உன் பிள்ளைக்கு ஏசாதே.

சொல்லிவிட்டு அம்மாவின் கையைப் பிடித்து என் தலையில் வைத்தார். பெயிலானதற்கு ஏசமாட்டேன் என்று சத்தியம் பண்ணு என்றார்.

பிள்ளையின் தலையில் கையை வைத்துக்கொண்டு பெயில் என்ற அந்தச் சொல்லை இன்னொரு தடவை சொல்ல அம்மாவால் முடியவில்லை. அது என்னைப் பிடித்துவிடும் என்று பயந்தார். ஒழுங்கையைப் பற்றிய பயத்தைவிட அது பெரிய பயம்.

"அக்கே, துவ பாஸ்" என்றார். "ஹொந்தட்டம பாஸ்." மிக நன்றாகவே பாஸ் என்று அர்த்தம்.

நெந்தா என்னைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். காலைக்குப் பிறகு அம்மா மூடிவிட்டிருந்த குசினி யன்னலையும் பார்த்தார். அப்படியென்றால் ஏன் பெயில் என்று சொன்னாய் என்று கேட்டார்.

"பய" என்றார் அம்மா.

"காட்டத பய?"

யாரைக் கண்டு பயம் என்று கேட்கிறார். அப்பா தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதில் அந்த அறையில் இருந்த நான்கு பேருக்கும் தெரிந்திருந்தது. நெந்தா எழுந்து, நல்லது என்று ஒரு சொல் சொல்லிவிட்டுப் போனார்.

அதன்பிறகு சில நாட்கள் நாங்கள் இருந்த இருப்பை இருப்பு என்று சொல்ல முடியாது. ஒழுங்கைக்குள் ஒரு வாகனம் திரும்பினால் அப்பா சட்டைப் பையில் அடையாள அட்டையைத் தொட்டுப் பார்ப்பார். அம்மா எங்கள் நகைகளையும் சான்றிதழ்களையும் ஒரு பையில் கட்டிக் கதவடியில் வைத்தார். ஆனால் ஒருவரும் வரவில்லை. கடைக்காரர் மறுநாளும் எனக்கு ஆறுதல் சொன்னார், அதற்கு மறுநாளும் சொன்னார். நெந்தா யாரிடமும் சொல்லவில்லை என்பது அதிலிருந்துதான் விளங்கியது.

மகன் உயிரோடு இருக்கிறான், காலில் காயத்தோடு ஆஸ்பத்திரியில் கிடக்கிறான் என்ற தகவல் ஒருநாள் காலையில் வந்தது. அதை நாங்கள் பைப்படியில் கேள்விப்பட்டோம். கொஞ்ச நேரத்தில் நெந்தாவின் தங்கை மகள் நல்ல செய்திக்கு அவர்கள் ஆக்குகிற பாற்சோற்றை ஒரு பெரிய தட்டில் துண்டு துண்டாக வெட்டி அடுக்கிக்கொண்டு வெளியே வந்தாள். எதிர்வீட்டுக் கிழவருக்குக் கொடுத்தாள். கடைக்குக் கொடுத்தாள். மற்ற இரண்டு தமிழ் வீடுகளுக்கும் கொடுத்தாள். எங்கள் வாசலைத் தாண்டிப் போனாள்.

"தன்ர பிள்ளை தப்பினது எங்களுக்குச் சந்தோஷமில்லை எண்டு அவ நினைச்சிட்டா" என்றார் அம்மா.

பிறகு எங்கள் முன்கதவை முழுவதாகத் திறந்துவைத்துவிட்டு, மத்தியானம் வரையும் நெந்தாவின் வீட்டைப் பார்த்தபடி வாசலிலேயே நின்றார்.