காயமில்லாத கை

எங்கள் ஊரில் ஒருவருக்கு அக்குளில் நெறி கட்டினால் யாரும் அக்குளைப் பார்க்கமாட்டார்கள்; கையைப் பார்ப்பார்கள். தொடை இடுக்கில் கட்டினால் காலைப் பார்ப்பார்கள். எங்கேயோ ஒரு புண் இருக்கும், அது ஆறினால் நெறி தானாகக் கரையும். படிக்காத சனங்களின் இந்தக் கணக்கு தப்பில்லை. தப்பாக இருந்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு ஆத்திரம் வராது.

அம்மாவுக்கு இடது அக்குளில் நெறி கட்டியது சம்பா அறுப்பின்போது. அறுப்பறுக்கிற பெண்களுக்கு வலது கையில் அரிவாள், தாளைப் பிடிக்கிற இடது கையில் வெட்டு. அப்போது அவள் ஆள்காட்டி விரலில் ஒரு வெட்டு சீழ் பிடித்திருந்தது. அதோடு விசாரணை முடிந்துபோனது. விரலுக்கு மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பூச்சு, அக்குளுக்குத் தவிட்டு ஒத்தடம்.

கட்டு சுமக்கக் கையைத் தூக்கும்போது அது வெளியே தெரிந்துவிடும். சாலவாக்கம் பக்கத்துக் கழனியில் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். ஆரம்பித்து வைப்பவள் பெரியம்மா, அம்மாவின் கூடப்பிறந்த அக்கா.

"இன்னாடி, அக்குள்ல எலந்தப்பயம் ஒளிச்சி வெச்சிக்கினு கீற? எங்களுக்கு ஒண்ணு குடுத்தா கொறஞ்சா பூடுவ?"

"உனுக்கு இல்லாததா, எடுத்துக்கோ. கூடவே இந்த வெரலையும் எடுத்துக்கினு போ," என்பாள் அம்மா.

விரல் ஆறியது. நெறி கரையவில்லை. அப்படியென்றால் வேறு புண் இருக்க வேண்டும். இருந்தது, கட்டைவிரலில் புது வெட்டு. அது ஆறுவதற்குள் களையெடுப்பில் முள் ஏறியது. அப்புறம் நகச்சுத்து, எலுமிச்சம்பழத்தைக் குடைந்து விரலில் செருகிக்கொண்டு ஒற்றைக் கையால் சோறு வடித்தாள். கூலிக்குப் போகிறவளின் கை. நெறிக்குக் காரணம் சொல்ல அதில் எப்போதும் ஏதாவது ஒன்று இருந்தது. காயமே இல்லாத கையோடு கொஞ்ச காலம் வீட்டில் உட்கார்ந்திருக்க அவளுக்கு வாய்த்திருந்தால், இந்தக் கட்டி எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டிருப்பார்கள். அவள் பிழைத்திருப்பாள்.

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். அப்போது பிளஸ் டூ; தங்கச்சி இன்னும் பள்ளிக்கூடம் சேரவில்லை. உயிரியல் புத்தகத்தில் நிணநீர் மண்டலம் என்று ஒரு பக்கம் உண்டு. "இது பரீட்சைக்கு வராது, தள்ளு" என்றார் வாத்தியார். வகுப்பே ஒரே சத்தத்தில் பக்கத்தைத் தள்ளியது.

நெறி ஒன்று இரண்டாகி, ஒன்றோடொன்று ஒட்டிக் கல் மாதிரி ஆனது. டவுனில் தனியாக வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்த ஒரு டாக்டரிடம் அவளை நான் அழைத்துப்போனேன். அவர் நாற்காலியைவிட்டு எழவில்லை. "கையைத் தூக்கு" என்றார். உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்தார். பிறகு அவள் உள்ளங்கையைப் பேனா முனையால் புரட்டினார்.

"இந்தக் கையை வெச்சுக்கிட்டு நெறி கட்டலன்னாதாம்மா அதிசயம்."

"சார், ஜுரம் இல்ல, வலியும் இல்ல. ஆனா பெருசாயிக்கினே போவுது," என்றேன்.

"நீ என்ன, டாக்டருக்குப் படிக்கிறியா?"

"இல்ல சார், பிளஸ் டூ."

"படி, படி. நல்லா படி."

களிம்பும் மாத்திரையும் வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தோம். அம்மாவுக்குச் சந்தோஷம். "டாக்டரே உன்ன நல்லா படிக்கச் சொன்னாருடா!"

அடுத்த நடவில் அவளால் கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை. நைனா மதராஸ் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார். அங்கே பேசுவது விளங்க வேண்டுமென்று என்னையும் கூட்டிக்கொண்டார். அங்கிருந்த டாக்டரம்மா அக்குளைத் தொட்டுப் பார்த்தார். கையை ஏறிட்டும் பார்க்கவில்லை. எங்கள் இருவரையும் மறைப்புக்கு வெளியே போகச் சொல்லிவிட்டு, அம்மாவின் ரவிக்கையை அவிழ்க்கச் சொன்னார். நாங்கள் கேட்டுக்கொண்டு நின்றோம்.

"மார்ல இந்தக் கட்டி எவ்வளவு நாளா இருக்கு?"

"சின்னவ பால் மறந்ததுலேர்ந்து கீது, டாக்டரம்மா. பால் கட்டிக்கினு கீதுன்னு வுட்டுட்டேன்."

"யார்கிட்டயும் சொல்லலையா?"

"அது வலிக்கவே இல்லியே. வலிக்கிறதையே இன்னும் சொல்லி முடிக்கல. வலிக்காததப் போய் யாராண்ட சொல்றது?"



புற்றுநோய் மார்பில் பிறந்து, நிணநீர் ஓடும் வழியாக அக்குளுக்கு வந்து, அங்கே இருக்கும் முடிச்சுகளில் தங்கி வளர்ந்திருக்கிறது என்று டாக்டரம்மா எனக்கு விளக்கினார். கையிலிருந்து வருவதும் மார்பிலிருந்து வருவதும் அதே முடிச்சுகளுக்குத்தான் போகுமாம். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அம்மாவுக்குச் சொன்னேன்.

"ரெண்டு கயனித் தண்ணியும் ஒரே கால்வாயில வடியுதும்மா."

அவள் அக்குளைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். "அப்போ நெறி சரியாத்தான் சொல்லிக்கீது, புண்ணு கீதுன்னு. நாமதான் ஒரே கயனியில தேடிக்கினு இருந்தோம்."

மார்பையும் அக்குள் முடிச்சுகளையும் எடுத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா நைனாவைக் கூப்பிட்டுச் சொன்னார்: "இனிமே இந்தக் கையில சின்னக் கீறல்கூடப் படக் கூடாது. வடிகால் எல்லாம் எடுத்தாச்சு. காயம் பட்டா சீழ் பிடிச்சு வீங்கிடும்."

நைனா சிரித்துவிட்டார். டாக்டரம்மாவுக்குக் கோபம் வந்தது. "இதுல சிரிக்க என்ன இருக்கு?" என்றார். எதற்கு அந்தச் சிரிப்பு என்று அவருக்கு நான் விளக்கவில்லை. என் தமிழுக்கும் அது வராது.

அம்மா வீட்டோடு இருந்தாள். அரிவாளைத் தொடவிடவில்லை, பாத்திரம் துலக்கவிடவில்லை. பழைய வெட்டெல்லாம் வெள்ளைக் கோடாக வெளுத்தது. உள்ளங்கைக் காய்ப்பு உரிந்து தோல் மிருதுவாயிற்று.

"பெரிய வூட்டம்மா கையாட்டம் ஆயிடுச்சேடி!" என்று பெரியம்மா தடவிப் பார்த்தாள்.

"ஆமா, மோதிரந்தான் கொறச்ச. கொண்டாந்து போடு."

மாட்டுப் பொங்கல் கழிந்த ஒரு காலையில், புத்தகமும் கையுமாக இருந்த என்னைக் கூப்பிட்டாள். என் விரலைப் பிடித்துத் தன் கழுத்தெலும்புக்கு மேலே, இடது பக்கம் வைத்தாள். தோலுக்கு அடியில் சுண்டைக்காய் அளவுக்கு ஒன்று அசையாமல் நின்றது.

நான் எதுவும் சொல்லும் முன்னே இடது கையை என் முகத்துக்கு நேராக நீட்டினாள். புறங்கையைக் காட்டினாள். திருப்பி உள்ளங்கையைக் காட்டினாள். விரல்களை ஒவ்வொன்றாக விரித்தாள்.

"பாத்துக்கோடா," என்றாள். "ஒண்ணுமே இல்ல."