தூக்க முடியாத ட்ரில் மெஷின்

எதை வாங்கினாலும் முதலில் தூக்கிப் பார்ப்பது எங்கள் வீட்டு வழக்கம். சண்டைக் காலத்தில் இயக்கக்காரர்கள் முஸ்லிம்களான எங்களை மன்னாரை விட்டு வெளியேற்றிய அன்று, கையில் தூக்க முடிந்ததை மட்டும் கொண்டுவந்தோம். மற்றதெல்லாம் அங்கேயே விட்டுப்போயிற்று. அதன்பிறகு புத்தளத்தில் அலுமாரி வாங்கினோம், பிரிட்ஜ் வாங்கினோம். ஒவ்வொன்றையும் நானும் மனைவியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிப் பார்த்துத்தான் வாங்கினோம். கடைக்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டுமே, எங்களுக்கென்ன!

சண்டை முடிந்து சில வருடங்களில், பக்கத்து ஆலங்குடாக் கடற்கரையில் முளைத்த ஹோட்டல்களுக்குக் கட்டில், கதிரை செய்து கொடுக்கத் தொடங்கினேன். வீட்டுக்குப் பின்னாலிருந்த தகரக் கொட்டில்தான் பட்டறை. கை ட்ரில்லால் போட்ட துளைகள் கோணல்மாணலாகப் போய் என் மானத்தை வாங்கின. நிமிர்ந்து நின்று நேராகத் துளைக்கிற மெஷின் ஒன்று வேண்டும். மரத்துக்கு வேகமாகவும் இரும்புக்கு மெதுவாகவும் சுற்ற வேண்டும். விலையும் கைக்கு எட்ட வேண்டும்.

நானும் மனைவியும் டவுன் கடைக்குப் போனோம். எங்கள் காசுக்கு இரண்டு இருந்தன. ஒன்று புதிது, மேசைமேல் வைக்கிற சின்ன மெஷின். மற்றது பாவித்தது, என் நெஞ்சு உயரம். அதன் அடியைச் சீமெந்துத் தரையில் போல்ட் போட்டு இறுக்க வேண்டும். நான் நேரே போய்ச் சின்னதைத் தூக்கினேன்.

“நானா, அது மெஷின், சீனி மூட்டை இல்ல!” என்று கடைக்காரர் பாய்ந்து வந்தார்.

பையில் கொண்டுபோன இரும்புத் துண்டை எடுத்து, துளைத்துக் காட்டச் சொல்லிக் கொடுத்தேன். வேகத்தைக் குறைத்ததும் சின்னது முக்கி முனகி நின்றுவிட்டது. பெரியதில் குமிழைத் திருப்பத் திருப்ப வேகம் சொன்னபடி கேட்டது. இரும்பு சுருள் சுருளாக உதிர்ந்தது. எனக்கு வாயெல்லாம் பல். ஆனாலும், “சின்னது போதும். மத்தத ஆரு தூக்குற?” என்றேன்.

மனைவிக்கு வந்ததே கோபம்!

“எங்க தூக்கிட்டுப் போகப்போறீங்க? மன்னாருக்கா? வார வருஷம், வார வருஷம் எண்டு எத்தின வருஷமாச் சொல்றீங்க! புள்ளைகள் இஞ்சதான் கலியாணம் முடிச்சிருக்கிறாங்க, பேரப்புள்ளைகளும் இஞ்ச. இண்டைக்கு ஒரு முடிவு சொல்லுங்க. போறதெண்டா சின்னது, இருக்கிறதெண்டா பெரிசு.”

கடைக்காரர் மெல்ல உள்ளே நழுவினார். எனக்கும் நழுவ ஆசைதான். மன்னாரில் எங்கள் காணி காடு பிடித்துக் கிடக்கிறது. அது வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. இங்கேயே இருக்கிறேன் என்று சொல்லவும் பயம். இருக்கத் தொடங்கிய பிறகு மறுபடியும் யாராவது எழும்பிப் போகச் சொன்னால்? பெரியதின் குமிழை இன்னொரு தடவை திருப்பிப் பார்த்தேன்.

“பெரிசு,” என்றேன் கடைசியில்.

நாலு பேர் சேர்ந்து மூச்சு வாங்க அதைக் கொட்டிலுக்குள் இறக்கினார்கள். பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வந்து, தரையில் நாலு துளை போட்டு, ஒவ்வொரு போல்ட்டாக இறுக்கினேன். நாலாவதை இறுக்கும்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது. மனைவி அதைக் கண்டுவிட்டாள். கிட்ட வந்து, இரண்டு கையாலும் மெஷினைத் தள்ளிப் பார்த்தாள். அது அசையவில்லை.

“இனி ஆரும் வந்து எங்கள எழும்பச் சொன்னா, மொதல்ல இதக் கழட்டட்டும்,” என்றாள்.