சத்தம் நின்றால் ஓடு

கொருக்குப்பேட்டை கலீலுல்லாவின் வீட்டில் மின்விசிறி நின்றால் போதும், தூங்குகிற மனிதர் துள்ளி எழுந்து "வெளிய ஓடு!" என்று கத்துவார். கல்யாணமான புதிதில் மனைவி சபீஹா இரண்டு முறை தெருவுக்கே ஓடிவிட்டாள். பிறகு பழகிப்போய், "கரண்ட்டுதாங்க போச்சு, படுங்க" என்பாள். அவருக்கு அப்புறம் தூக்கம் வந்தால்தானே!

பாவம், அவர் பிழைப்பு அப்படி. திருவொற்றியூரில் இரும்பைக் காய்ச்சி அடிக்கும் பட்டறை ஒன்றில் உலை ஓட்டுகிறவர். உலை எரிந்தது எண்ணெயில்; இரைச்சல் காதைக் கிழிக்கும். அந்த இரைச்சல் திடீரென்று நின்றால் தீ அணைந்துவிட்டது, எண்ணெய் மட்டும் உள்ளே கொட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். வால்வை மூடிவிட்டு ஓட வேண்டும், இல்லாவிட்டால் வெடிக்கும். வேறொரு பட்டறையில் ஓடப் பிந்திய அவருடைய தோஸ்து நசீருக்குப் பாதி முகம் வெந்துபோனது. அன்றிலிருந்து கலீலுல்லாவின் காது தூங்கியதே இல்லை.

புகையைக் குறைக்க மின்சாரத்துக்கு மாறும் பட்டறைகளுக்குக் கடனில் சலுகை உண்டென்று அரசாங்கம் சொன்னது. முதலாளி யோசித்துப் பார்த்தார். தெற்கேயிருந்து சூரிய மின்சாரம் வாங்க ஒப்பந்தம் போட்டார். மின்சார உலை வந்து இறங்கியது. கூடவே ஓர் இடியும் இறங்கியது. புது உலையை ஓட்டத் தெரிந்தவருக்குத்தான் உலை, மற்றவர்கள் லாரியில் லோடு ஏற்றப் போக வேண்டும். ஐம்பதைத் தாண்டிய கலீலுல்லாவின் முதுகு அதை ஒரு மாதம்கூடத் தாங்காது. பயந்து பயந்து பொத்தான்களைப் படித்தார்.

வெள்ளோட்டத்தன்று முதலாளி, மேனேஜர் சவரிநாதன், உலையை நிறுவிய என்ஜினியர் மகிமா எல்லோரும் சுற்றி நின்றார்கள். கலீலுல்லா உலையைப் போட்டார். உள்ளே இரும்பு சிவந்தது. மின்பெட்டியைக் குளிர்விக்கும் விசிறி கொஞ்ச நேரம் ஓடி நின்றது. அது தானாக நிற்கும் என்று மகிமா முன்பே சொல்லியிருந்தாள். யார் காதில் ஏறியது?

"வெளிய ஓடு!"

கலீலுல்லாவின் கை சிவப்புப் பொத்தானை ஓங்கி அடித்தது. முதலாளி முன்னால் ஓட, சவரிநாதன் ஒரு செருப்பை விட்டுவிட்டுப் பின்னால் ஓடினார். மகிமா மட்டும் நகரவில்லை.

செய்தது புரிந்ததும் கலீலுல்லாவுக்குப் பாதி உயிர் போய்விட்டது. பழைய உலையை நடுவில் அணைத்தால் மறுபடி சூடேற்ற அரை நாள் போகும், உள்செங்கல் விரிசல் விடும், விழுகிற திட்டைச் சொல்லி மாளாது.

"மேடம், எல்லாம் போச்சா?"

மகிமா உள்ளே அமுங்கியிருந்த சிவப்புப் பொத்தானைத் திருகி விடுவித்தாள், பச்சையை அழுத்தினாள். "அவ்ளோதான் பாய். சூடுகூடக் குறையல."

"வெடிக்காதா?"

"வெடிக்க உள்ள என்ன இருக்கு? எண்ணெயே கிடையாதே."

எண்ணெயே கிடையாது. தெரிந்த விஷயம்தான், ஆனால் அந்த நிமிஷம்தான் அவருக்கு உறைத்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

செருப்பைத் தேடிக்கொண்டே சவரிநாதன் திரும்பி வந்தார். "இன்னா பாய், பேஜாரு பண்ற! நாளைலேந்து ஸ்கிரீனப் பாத்துட்டு அப்பால கத்து."

நாளைக்கும் உலை அவருக்குத்தான். கலீலுல்லாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுப் படுத்தார். மின்விசிறி நின்றது. "கரண்ட்டுதாங்க..." என்று ஆரம்பித்த சபீஹா பாதியில் நிறுத்தினாள். மனிதர் அசையவில்லை. அவர் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள். மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது.

பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, கரண்ட்டு வரும்வரை முந்தானையால் விசிறினாள்.