இன்னொரு பண்ணை வாங்காமல் இருப்பது

எங்களுக்கு முருங்கன் பக்கத்தில் இரண்டு ஏக்கர் வயல் இருக்கிறது. அது போக, எனக்கென்று தனியாக மடிக்கணினிக்குள் பதினேழு பண்ணைகள் இருந்தன. எல்லாம் கம்ப்யூட்டர் விளையாட்டுகள். ஒன்றில் பூசணி போட்டிருந்தேன். ஒன்றில் ஆடு வளர்த்தேன். இன்னொன்று செவ்வாய்க் கிரகத்தில் இருந்தது. அங்கே உருளைக்கிழங்கு நன்றாக வரும். கமக்காரனைக் கலியாணம் கட்டி, பகல் முழுக்கக் கந்தோரில் ஊராருடைய காணிக் கோப்புகளைப் புரட்டிவிட்டு, வீட்டுக்கு வந்தும் தோட்டம் கொத்த இவளுக்கு என்ன விசரா என்று நீங்கள் கேட்கலாம். கேளுங்கள். என் பண்ணைகளில் யானை வராது. பசளைக்கு வரிசையில் நிற்கத் தேவையில்லை. மழை பெய்ய வேண்டிய அன்று பெய்யும்.

பதினேழில் ஒழுங்காக விளையாடி முடித்தவை இரண்டு. ஆறை ஒருதரம் திறந்து, கோழிக்குப் பெயர் வைத்துவிட்டு மூடினேன். மிச்சம் ஒன்பதையும் திறந்தே பார்க்கவில்லை. இருந்தும் பதினெட்டாவதைக் கண்டால் கை துருதுருக்கும். இந்தப் புதுப் பண்ணையில்தான் நான் உருப்படியான கமக்காரியாக இருக்கப்போகிறேன் என்று ஒவ்வொரு தடவையும் மனதார நம்பினேன். எனக்குச் சீலைப் பைத்தியம் இல்லை, நகைப் பைத்தியம் இல்லை என்று இவர், அதாவது என் கணவர், சொந்தக்காரரிடம் பெருமை பேசுவார். நானும் பக்கத்தில் அடக்கமாக நின்று கேட்பேன்.

வாங்காமல் இருக்க நான் செய்யாத வேலை இல்லை. வங்கி அட்டையை இவரிடம் கொடுத்து, எனக்குத் தெரியாத இடத்தில் ஒளித்து வைக்கச் சொன்னேன். மனுசன் அதை அலுமாரியில் காணி உறுதிக்குள் வைத்தார். அவர் எதைத்தான் வேறெங்கே வைத்திருக்கிறார்? அதைத் தேடவும் வேண்டியிருக்கவில்லை. அட்டையின் பதினாறு இலக்கமும் எனக்கு மனப்பாடம். கலியாண நாள்தான் அடிக்கடி மறந்துபோகும்.

பிறகு, ஒன்றை முடித்தால்தான் இன்னொன்று என்று எனக்கு நானே சட்டம் போட்டேன். முடித்தல் என்றால் என்ன என்பதற்கு ஒரு வாரத்துக்குள் நாலு விளக்கம் கண்டுபிடித்தேன். இருபது வருடம் சுற்றறிக்கை வாசித்தவளுக்கு இதெல்லாம் தண்ணி பட்ட பாடு.

மார்கழி பிறந்தால் விடியக் காலையில் கோவில் ஒலிபெருக்கியில் பாட்டுப் போடுவார்கள். அதே நாட்களில் விளையாட்டுக் கடைக்காரரும் இணையத்தில் தள்ளுபடியைத் தொடங்குவார்கள். அந்த வருட மார்கழியில் மழை எங்களை ஏமாற்றிவிட்டது. குளத்துத் தண்ணீரை முறை வைத்துத்தான் பாய்ச்சலாம் என்று கமக்காரர் கூட்டத்தில் முடிவெடுத்தார்கள். ஒவ்வொரு வயலுக்கும் கிழமைக்கு ஒருதரம், இத்தனை மணித்தியாலம் என்று. எங்களுக்குச் சனிக்கிழமை விடிய ஆறிலிருந்து ஒன்பது வரை. அதற்குப் பிறகு இரண்டு மணித்தியாலம் அடுத்த வயலுக்கு. அதோடு வாய்க்கால் முடிந்து, தண்ணீர் கழிவு வாய்க்காலில் விழுந்துவிடும்.

முறை விசயத்தில் எங்கள் ஆட்கள் கறார். ஒருவருடைய நேரத்தில் மற்றவர் தன் மடையைத் திறந்தால் அது களவு. மற்றவருடைய மடையில் கை வைத்தால், அது நல்லதுக்கென்றாலும், சண்டை. அண்ணனும் தம்பியும் வருடக் கணக்காக முகம் பார்க்காமல் போனது இதாலே. தவறவிட்ட முறைக்குப் பதில் முறை கிடையாது, அடுத்த கிழமை வரைக்கும் வானத்தைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். எங்கள் பயிரோ குடலையில் நின்றது. கதிர் வெளியே வரப்போகிற நேரம் அது. அப்போது தண்ணீர் தவறினால் பிறகு நெல் தொங்கும், உள்ளே அரிசி இருக்காது.

வெள்ளிக்கிழமை உழவு இயந்திரத்துக்குச் சாமான் வாங்க வவுனியாவுக்குப் போன இவர், சாமான் மறுநாள்தான் வரும் என்று அங்கேயே தங்கிவிட்டார். போனில் ஒரே ஒரு விசயம்தான் சொன்னார்.

“விடிய ஆறு மணிக்கு மடையைத் திறந்துவிடும். ஒன்பது மணி வரைக்கும் அங்க நில்லும். வேற ஒண்டும் செய்ய வேண்டாம்.”

ஓம் என்றேன். பதினேழு பண்ணைக்குத் தண்ணீர் விடுகிறவளுக்கு ஒரு மடை பெரிய காரியமா?

அன்று பின்னேரம் போன் கிணுகிணுக்கத் தொடங்கியது. தள்ளுபடி. அதுவும் எதில்? நெல் விதைக்கிற விளையாட்டில். கரட்டும் பூசணியும் ஸ்ட்ரோபெரியும் போட்டு அலுத்துப்போன எனக்கு, மலைச்சரிவில் படிப்படியாக வயல் வெட்டி, வாய்க்கால் கட்டி, நெல் விளைவிக்கிற ஒரு பண்ணை. வயலில் நிற்கிற சின்ன மனிதனுக்குத் தொப்பிகூட இருந்தது. நான் வீரமாகத்தான் நின்றேன். போனின் சத்தத்தை ஒட்ட நிறுத்தி, அரிசி வாளிக்குள் புதைத்து, மூடியை அமத்தினேன். சோதனையை வென்ற சந்தோசத்தில் ஒரு பிளேன்டீ குடித்தேன். பிறகு கந்தோர் வேலை ஏதும் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க மடிக்கணினியைத் திறந்தேன். வெள்ளிக்கிழமை பின்னேரம் நான் கந்தோர் வேலை தேடியதாகச் சரித்திரம் இல்லை. ஐந்து நிமிசத்தில் பதினெட்டாவது பண்ணை என்னுடையது.

அது இறங்கி முடிய நேரம் எடுத்தது, நானும் நல்ல பிள்ளையாகப் படுத்துவிட்டேன். விடிய நாலரைக்கே எழும்பினேன், அவ்வளவு பொறுப்பு. ஆறு மணிக்கு இன்னும் எவ்வளவோ நேரம் கிடந்தது. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரே ஒரு நாள் விளையாடுவோம் என்று இருந்தேன். அந்த விளையாட்டில் ஒவ்வொரு நாளும் ஆறு மணிக்கு விடியும். திரையின் மூலையில் ஒரு மணிக்கூடு ஓடும். நான் நிமிர்ந்து பார்த்தபோதெல்லாம் அது ஆறு பத்து, ஆறு இருபது, திரும்பவும் ஆறு என்று காட்டியது. நேரம் இருக்கிறது, நேரம் இருக்கிறது என்று நானும் வரம்பு கட்டினேன். இதைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். நாற்பது வயதுப் பொம்பிளை ஒரு பொம்மை மணிக்கூட்டைப் பார்த்து நேரம் அறிந்தாள் என்பதை நானே இன்னும் முழுசாக நம்பவில்லை. கோவில் பாட்டு ஹெட்போனுக்கு வெளியே நின்றுவிட்டது. சுவரில் வெயில் விழுந்து முகத்தில் அடித்தபோது உண்மையான மணிக்கூடு எட்டு இருபது. அரிசி வாளிக்குள் இவருடைய பதினொரு அழைப்புகள் கிடந்தன.

சைக்கிளை மிதித்த மிதியில் கால் விண்விண் என்று வலித்தது. வாய்க்கால் நிறையத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. எங்கள் மடை மூடியபடி. அதற்குக் கீழே அடுத்த வயல் மடையும் மூடியபடி. அவ்வளவு தண்ணீரும் நேரே கழிவு வாய்க்காலில் விழுந்தது. மடைக்குப் பக்கத்தில் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு அந்த வயல்கார அக்கா நின்றார்.

அவர் மலையகத்திலிருந்து சின்ன வயதில் தாய் தகப்பனோடு வந்து எங்கள் பக்கம் குடியேறியவர். சொந்தக் காணி கிடையாது. வாய்க்கால் கடைசியில் முக்கால் ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்துத் தனி ஆளாகச் செய்கிறார், மற்ற நாட்களில் கூலி வேலை. ஆறு மணியிலிருந்து அங்கேதான் நிற்கிறாராம். என்னுடைய போன் நம்பர் அவரிடம் இல்லை, ஆள் அனுப்பவும் யாரும் இல்லை. அவருடைய பயிரும் குடலையில்தான் நின்றது. இவ்வளவு நேரம் காலடியால் தண்ணீர் சும்மா ஓடிக்கொண்டிருக்க, அதில் ஒரு செம்பு அவர் எடுக்கவில்லை. வீணாகத்தானே போகிறது, திறந்துவிட்டிருக்கலாமே என்று கேட்டேன்.

“அது உங்க தண்ணி தங்கச்சி,” என்றார்.

உண்மையைச் சொன்னால், எனக்கு முதலில் வந்தது வெட்கம் இல்லை, கோபம். இந்த மனுசி கொஞ்சம் களவெடுத்திருக்கக் கூடாதா? நானும் நாலு வார்த்தை ஏசிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேனே. அவரோ எனக்கு என்ன நடந்தது என்று கவலையாகக் கேட்டார். விடிய எழும்ப ஏலாத காய்ச்சல் என்று வாய் தானாகச் சொல்லியது. நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். வெயிலில் சைக்கிள் மிதித்த நெற்றி கொதித்தது. கடவுளும் சில வேளைகளில் தப்பான ஆட்களுக்குத்தான் உதவி செய்கிறார்.

என்னைக் கொண்டுபோய் மருதமர நிழலில் இருத்திவிட்டு, என்னிடம் கேட்டுக்கொண்டு, நான் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்த மண்வெட்டியாலேயே எங்கள் மடையைத் திறந்தார். நான் அங்கிருந்து இருமினேன். காய்ச்சலுக்கு இருமல் தேவையில்லை என்று பிறகுதான் யோசித்தேன். ஒன்பது மணி வந்தது, எங்கள் வயலில் கால்வாசிகூட நனையவில்லை. அவர் மடையை மூடவில்லை. தன்னுடைய இரண்டு மணித்தியாலத்தில் ஒன்றை நாங்கள் எடுத்துக்கொள்ளலாம் என்றார். நான் வேண்டாம் என்று ஒருதரம் சொன்னேன். இரண்டாந்தரம் சொல்லவில்லை.

பின்னேரம் வீட்டுக்கே வந்துவிட்டார், ஒரு போத்தலில் இஞ்சி போட்டு அவித்த கொத்தமல்லித் தண்ணியோடு. கதிரையை இழுத்துப் போட்டு முன்னால் இருந்து, கடைசிச் சொட்டு வரைக்கும் குடிக்க வைத்தார். அறைக்குள் மடிக்கணினி திறந்தபடி கிடந்தது. வவுனியாவிலிருந்து வந்த இவருக்கும் அதே காய்ச்சல் கதைதான். அக்கா தண்ணீர் தந்ததை மட்டும் சொல்லாமல் விட்டேன். பாவம், இரண்டு நாள் சமைக்க வேண்டாம் என்றார் மனுசன். நான் சமைக்கவில்லை. அந்த இரண்டு நாளில் பதினெட்டாவது பண்ணையில் ஒரு போகம் அறுத்தேன்.

மாசியில் இங்கே அறுவடை. எங்களுக்கு மோசமில்லை. அன்று மத்தியானம் சோற்றுக்கு முன்னால் இருந்துகொண்டு இவர்தான் சொன்னார், அந்த அக்காவின் வயலில் கடைசி மூலை முழுக்கச் சப்பி நெல் என்று. கையில் எடுத்து நசுக்கினால் வெறும் உமியாம். தண்ணீர் அந்த மூலைக்கு எட்டவில்லையாம். முறை தவறாமல் நிற்கிற மனுசிக்கு ஏன் எட்டாமல் போனது என்று கேட்டதற்கு, சில வருசம் அப்படித்தான் என்று மட்டும் சொன்னாராம். என்னைப் பற்றி ஒரு சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை. என்னை நினைக்க எனக்கே அருவருப்பாக இருந்தது. காய்ச்சல் வரவில்லை, கேம் விளையாடிக்கொண்டிருந்தேன், அவருடைய தண்ணீரைத்தான் குடித்தது எங்கள் வயல் என்று அந்த இடத்திலேயே இவரிடம் சொன்னேன். மனுசன் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். சாப்பிட்டு முடித்து, கையைக் கழுவி, இரண்டு மூட்டை நெல்லை எடுத்து லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் போட்டார்.

அதற்குப் பிறகு நான் ஒரு பண்ணையும் வாங்கவில்லை. தள்ளுபடிகள் வருகின்றன, போகின்றன, பதினெட்டு பதினெட்டாகவே நிற்கிறது. கந்தோரில் ஒரு பிள்ளைக்கும் இதே வியாதி. எப்படி அக்கா விட்டனீங்கள் என்று கேட்டபோது மனக்கட்டுப்பாடு என்று சொல்லிவைத்தேன். என்னிடம் ஏது மனக்கட்டுப்பாடு? நெல்லை ஏற்றிய மறுநாள் அந்த வயல்கார அக்கா வீட்டில் நடந்ததுதான் காரணம்.

நெல்லோடு நானும் போனேன். மூட்டைகளை முதலில் இறக்கினால் அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்வேன் என்று எனக்குத் தெரியும். அதனால் வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்ததா என்று முகத்தில் தெரியவில்லை. கேம் என்றால் என்ன என்றுதான் விளங்கவில்லை. போனில் பெடியள் சுடுகிறார்களே, அதுவா என்றார். இல்லை, கமம் செய்கிறது என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். மடிக்கணினியைக் கையோடு கொண்டு போயிருந்தேன். திறந்து காட்டினேன்.

பக்கத்தில் வந்து குந்திக்கொண்டு பார்த்தார். தொப்பிக்காரன் மேல் வயலின் மடையைத் திறந்தான். தண்ணீர் ஒவ்வொரு வயலாக நிரப்பிக்கொண்டு கீழே இறங்கியது, கடைசி மூலை வரைக்கும் போய் நின்றது. பயிர் பச்சை பிடித்தது. அக்கா கையை முழங்காலில் கட்டிக்கொண்டு கவனமாகப் பார்த்தார்.

“இதுக்கு முறை இல்லீங்களா?”

“இல்லை அக்கா.”

“எந்நேரமும் தொறக்கலாமா?”

“ஓம். எந்நேரமும்.”

“நீங்க போய்ட்டு ஒரு மாசம் கழிச்சு வந்தா? காஞ்சு போயிருமா?”

“இல்லை. விட்ட இடத்தில அப்பிடியே நிக்கும்.”

அவர் இன்னொருதரம் திரையை எட்டிப் பார்த்தார். பிறகு குத்திக்காட்டவில்லை, ஏசவில்லை, தெரியாத ஒன்றைத் தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரியே கேட்டார்.

“அப்ப அன்னைக்கு நம்ம வயலுக்கு வந்துட்டு, அப்புறமா இதுக்குப் பாய்ச்சியிருக்கலாமே தங்கச்சி. இது காத்துக்கிட்டு இருந்திருக்குமே.”

நான் மடிக்கணினியை மூடினேன். அவர் பதிலுக்காக நிற்கவில்லை. எழும்பி வெளியே போய், மூட்டைகளில் ஒன்றை மட்டும் இறக்கச் சொல்லி இவரிடம் சொன்னார். நான் இரண்டாவதையும் எடுக்கச் சொல்லிக் கெஞ்சினேன்.

“ஒரு மணித்தியாலந்தானே குடுத்தேன்,” என்றார்.