எழும்பி நின்ற கால்கள்

சாவகச்சேரிச் சபையில் ஞாயிறுதோறும் வேதம் வாசிப்பவர், ஓய்வுபெற்ற அபிகாயில் ரீச்சர். சுவிசேஷம் வாசிக்கையில் எல்லோரும் எழும்பி நிற்பது அங்கே பழைய வழக்கம். புதிய போதகர் வந்தபின் அதைக் கைவிட்டார்கள். கால் உளைகிறதாம்!

அன்று ரீச்சர் சுவிசேஷம் வாசித்துக்கொண்டிருந்தபோது போதகர் பிந்தி வந்தார். வேதத்துக்கு உளைந்த கால்களெல்லாம் அவருக்குத் துள்ளி எழும்பின. கைதட்டல் வேறு.

"நிப்பாட்டுங்கோ ரீச்சர், ஐயா வாறார்," என்றார் மூப்பர் அருள்நேசன்.

ரீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஆண்டவர் கதைச்சுக்கொண்டிருக்கிறார். நடுவிலை நிப்பாட்ட உங்கடை ஐயா ஆர்? எழும்பின ஒருத்தரும் திரும்பக் குந்தக்கூடாது. ஐயாவும் வந்த இடத்திலையே நிக்கட்டும்!"

பிறகு அதிகாரத்தை முதல் வசனத்திலிருந்து திரும்ப வாசிக்கத் தொடங்கினார்.