கியர் மேல் வைத்த கை

வாலண்டைன் மச்சானை யாராவது "நல்ல மனுசன்" என்று சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நல்ல மனுசன்தான், யார் இல்லை என்றது? குடி கிடையாது, சூது கிடையாது, ஞாயிறு பூசைக்குத் தவறியது கிடையாது. மில்லில் எந்த மோட்டார் முனகினாலும் பக்கத்தில் நின்று காதால் கேட்டே என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். ஆனால் கட்டிய மனைவியிடம் மனசைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமென்றால் மட்டும் அந்த வாய்க்குப் பூட்டுப் போட்டாகிவிடும்.

அந்த மனைவி என் அக்காள் இன்பராணி. நான் பிலோமினா, அவளுக்கு மூன்று வயது இளையவள். மலேசியாவில், சிங்கப்பூர் எல்லைக்குக் கொஞ்சம் வடக்கே இருக்கிற செடெனாக்கில் அவர்கள் வீட்டுக்கு அடுத்த வீடு எனக்கு, நடுவில் ஒரு சுவர்தான். காலையில் நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோறு கட்டி விற்கிறேன். மீதி நேரம் மச்சானைத் திட்டுகிறேன்.

ஒன்பது வருசத்துக்கு முன்னால் அவர் வேலை பார்த்த செம்பனை எண்ணெய் மில்லை மூடினார்கள். "கொஞ்ச நாளைக்கு நான் போய்ட்டு வரேன்" என்று அக்காள் சிங்கப்பூரில் ஒரு சமையல்கூடத்தில் சேர்ந்தாள். விமானத்தில் கொடுக்கிற சாப்பாட்டைத் தட்டில் அடுக்கும் வேலை. உட்லண்ட்ஸில் மூன்று பெண்களோடு ஒரே அறை. மாதத்தில் ஒரு சனிக்கிழமை வருவாள், ஞாயிறு சாயங்காலம் திரும்பிவிடுவாள். கொஞ்ச நாள் என்றது இரண்டு வருசமானது, நாலானது, எட்டானது. அதற்குள் வீட்டுக் கடன் முடிந்துவிட்டது. மகள் அமண்டா கல்யாணமாகி ஈப்போவுக்குப் போய்விட்டாள். மச்சானும் கூலாயில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்து, அங்கிருந்தும் ஓய்வு பெற்றுவிட்டார். அக்காள் மட்டும் திரும்பி வரவில்லை.

"இன்னும் எதுக்குடி அங்க கெடக்குற?" என்று அவளைக் கேட்டேன். அக்காளாக இருந்தாலும் கோபம் வந்தால் எனக்கு 'டி'தான்.

"அவரு ஒண்ணும் சொல்லலியே" என்றாள்.

சரி என்று மச்சானிடம் போனேன். "அவளுக்கு அங்க புடிச்சிருக்கு போல" என்றார். இப்படி ஒரு ஜோடி இருந்தால் எங்கே உருப்படும்?

அந்தக் கம்பெனியில் இரண்டு வருசத்துக்கு ஒருமுறை புது ஒப்பந்தம். போன தடவை கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தவள், வாசல் போர்ச்சில் கான்வாஸ் மூடிக் கிடந்த பழைய காரைப் பார்த்து, "இந்த ஆமை மறுபடி ஓடுச்சுன்னா நான் எதுக்குங்க சிங்கப்பூருல கெடக்கப் போறேன்" என்றாள். விளையாட்டாகச் சொன்னது. மறுநாள் காலையில் நான் கடை போடக் கிளம்பும்போது மச்சான் கான்வாஸை உருவி எறிந்திருந்தார். கையில் ஸ்பானர்.

அது எழுபத்திரண்டாம் வருசத்து ஜெர்மன் கார். ஆமை முதுகு, வெளிர் நீலம். எஸ்டேட் மானேஜர் ஒருவர் ஊர் மாறிப் போனபோது மச்சான் வாங்கினார், அவர்களுக்குக் கல்யாணமான வருசம் அது. அதில் கிளட்ச் மிதி கிடையாது. கியரை நாம்தான் மாற்ற வேண்டும். ஆனால் கிளட்சை மிதிக்க வேண்டியதில்லை, கியர்க் குச்சியைத் தொட்டால் போதும். குச்சிக்குள் இருக்கிற மின்தொடர்பு இணைந்து கிளட்ச் தானாக விட்டுவிடும். கையை எடுத்தால் மறுபடி பிடித்துக்கொள்ளும். கியர் மாற்றாமல் சும்மா கையை வைத்திருந்தாலும் அந்தக் காருக்குத் தெரியாது. எஞ்சின் வீணாக உறுமும், சக்கரத்துக்கு வேகம் போகாது, கார் மெல்ல மெல்லத் தளர்ந்து நின்றுவிடும்.

அக்காளுக்கு அந்தக் கியரின் மேல்தான் கையை வைக்க வேண்டும். புதுப் பெண்ணாக வந்த நாளிலிருந்து அப்படித்தான். அவர் கை வந்து போகும் இடத்தில் அவள் கை இருக்கும். கார் உறுமும். "கையை எடு ராணி" என்பார் மச்சான், சிரித்துக்கொண்டே. எடுப்பாள். பத்து நிமிசத்தில் மறுபடி வைப்பாள். பின் சீட்டில் உட்கார்ந்து பார்க்கிற எனக்குச் சில நேரம் வெட்கமாகக்கூட இருக்கும்.

தொண்ணூற்று நாலு டிசம்பர். மலாக்காவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். ஒரு வயசு அமண்டா என் மடியில். யோங் பெங் தாண்டிப் பழைய ரோட்டில் ஒரு பலகை லோரியை மச்சான் முந்தப் போனார். எதிரே பஸ். சரியாக அந்த நேரம் பார்த்து அக்காள் எதையோ பேசிச் சிரித்தபடி கையை வைத்துவிட்டாள். கார் அப்படியே தளர்ந்துவிட்டது. லோரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் நாங்கள் நாலு பேர். மச்சான் அவள் கையைத் தட்டிவிட்டு எப்படியோ லோரிக்குப் பின்னால் ஒதுங்கினார். மாதாதான் காப்பாற்றினாள்.

காரை ஓரங்கட்டிவிட்டுக் கத்தினார் பாருங்கள், அப்படி ஒரு குரலை நான் அவரிடம் அதுவரை கேட்டதில்லை. "கையை எடு கையை எடுன்னு எத்தனை தடவை சொல்றது? அறிவிருக்கா உனக்கு? புள்ளையோட எல்லாரும் செத்திருப்போம்! இனிமே இதுல கையை வச்ச, ஒடிச்சிருவேன்!"

அவர் சொன்னதில் தப்பில்லை. அதுதான் இதில் கொடுமை. தப்பாக இருந்திருந்தால் நானே நாலு வார்த்தை கேட்டிருப்பேன், சண்டை முடிந்திருக்கும்.

அன்றிலிருந்து அக்காள் எந்தக் காரில் ஏறினாலும் கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் அதன் பிடியைப் பிடித்துக்கொண்டாள். அந்த ஆமை ஓடாமல் போய், சாதாரண கியர் வைத்த கார் வந்தது. பிறகு கியரே மாற்ற வேண்டாத ஆட்டோ கார் வந்தது. அவள் கைகள் மட்டும் பையை விட்டு வரவில்லை. முப்பது வருசம். மச்சானும் அதைப் பார்த்துக்கொண்டுதான் ஓட்டினார். ஒரு நாளாவது "ஏன்மா இப்படி உக்காந்திருக்க?" என்று கேட்டாரா? கேட்டால்தான் வாயில் இருக்கிற முத்து உதிர்ந்துவிடுமே!

அந்த ஆமையை அவர் சரிசெய்த கதை இருக்கிறதே, அது தனி. தரைத் தகடெல்லாம் துரு. காலை வைத்தால் கீழே சிமெண்டு தெரியும். அதை வெட்டிப் புதுத் தகடு ஒட்டவே நாலு மாதம். எஞ்சின் பெரிய பாடு படுத்தவில்லை. படுத்தியது அந்தக் கிளட்ச் சமாச்சாரம்தான். கிளட்சை இழுக்க எஞ்சின் பக்கம் ஒரு டப்பா இருக்கிறது, அதற்குள் ஒரு ரப்பர் சவ்வு. அது கிழிந்து போயிருந்தது. எங்கெங்கோ எழுதிப்போட்டு வரவழைத்த சவ்வு அளவு சேரவில்லை. கூலாய் பட்டறைக்கார ஆ செங், "மேனுவல் போட்டுரு லா அங்கிள், செனாங், ஈசி!" என்று தலையில் அடித்துக்கொண்டார். சாதாரண கியர்பாக்ஸும் கிளட்ச் மிதியும் வைத்துவிட்டால் ஒரு வாரத்தில் வண்டி ஓடும். மச்சான் கேட்கவில்லை. கடைசியில் யோங் பெங்கில் ஒரு கோழிக் கொட்டகையில் செத்துக் கிடந்த இன்னொரு ஆமையிலிருந்து அந்த டப்பாவைக் கழற்றி வந்தார். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, பிள்ளை பிறந்த அன்றுகூட அப்படிச் சிரிக்கவில்லை.

"இதுக்குப் படற பாட்டுல பாதி பட்டு அக்காவுக்கு ஒரு போன் போட்டு 'வந்துடு'ன்னு சொல்லலாம்ல?" என்றேன்.

"கார் முடியட்டும் பிலோ" என்றார்.

கார் முடிந்தது இந்த நவம்பரில். அக்காளின் ஒப்பந்தம் டிசம்பரில் முடிகிறது. கம்பெனி இன்னும் இரண்டு வருசம் கேட்கிறது என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அவள் கையெழுத்துப் போடுவதற்குள் இந்தக் கார் ஓட வேண்டும், அவள் அதில் உட்கார வேண்டும் என்பதுதான் அவருடைய கணக்கு.

பழைய கார் என்பதால் இன்சூரன்ஸுக்கு மதிப்புக் கடிதம் கேட்டார்கள். அதற்காக ஜொகூர் பாருவிலிருந்து ரூபேந்திரன் என்று ஒருவர் வந்தார். முப்பத்தைந்து வயசிருக்கும். அக்காள் வருகிற சனிக்கிழமை காலை அது. காரைச் சுற்றினார், அடியில் படுத்துப் பார்த்தார், நம்பர்களையெல்லாம் படம் எடுத்தார்.

"அங்கிள், எல்லாமே ஒரிஜினல். இந்த கியர்பாக்ஸோட கார் பாக்கிறதே அபூர்வம். எல்லாரும் கழட்டி வீசிட்டாங்க. இதுக்காகவே மதிப்பு ஏறும்" என்றவர், ஸ்டீயரிங்குக்குக் கீழே குனிந்து பார்த்து நின்றார். "இது என்ன சுவிட்ச்? கம்பெனி போட்டது இல்லையே?"

"நான் போட்டது" என்றார் மச்சான்.

"எதுக்கு?"

"அதைத் தட்டிட்டா கியரைத் தொட்டாலும் கிளட்ச் விடாது. கியர் மாத்தறப்ப மட்டும் அணைச்சுக்கலாம்."

"அலமாக்! காருல இருக்கிற விசேஷமே அந்த ஒண்ணுதான் அங்கிள். அதை அடைக்க ஒரு சுவிட்சா? கழட்டிருங்க, அஞ்சு நிமிச வேலை. மதிப்பை இன்னும் மேலயே எழுதித் தரேன்."

"கழட்ட மாட்டேன்."

"ஓட்டறவரு கியர்ல கை வைக்காம இருந்தாப் போதுமே?"

"அது ஓட்டறவனுக்கு இல்ல தம்பி" என்றார் மச்சான்.

நான் கோப்பி கொண்டு வந்து நின்றிருந்தேன். பாவி மனுசா, இதைச் செய்யத் தெரிந்த உமக்கு இதைச் சொல்லத் தெரியவில்லையே!

மதியம் அக்காள் வந்தாள். மச்சான் சட்டையைத் தேய்த்துப் போட்டிருந்தார், ஏதோ பெண் பார்க்கப் போகிறவர் மாதிரி. "ஒரு ரவுண்டு போலாமா?" என்றார் அவளிடம். உடனே என்னைப் பார்த்து, "பிலோவும் வரட்டும்" என்றார். தனியாகப் போகப் பயம்.

பழைய ரோட்டில் போனோம். இரண்டு பக்கமும் செம்பனை. அக்காள் முன் சீட்டில் உட்கார்ந்து முன்பலகையைத் தடவிப் பார்த்தாள். "அப்படியே இருக்குங்க" என்றாள். பிறகு கைப்பையை மடியில் வைத்துப் பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

மச்சான் சுவிட்சைத் தட்டினார். அவள் கையைப் பார்த்தார். ரோட்டைப் பார்த்தார். மறுபடி கையைப் பார்த்தார். இப்படியே இரண்டு மைல் போனது.

"மச்சான், சொல்லித் தொலைங்க!" என்று நான் கத்திவிட்டேன்.

அவர் தொண்டையைக் கனைத்தார். "ராணி, கையை வை."

"எங்க?"

"கியர்ல."

அக்காள் திரும்பவில்லை. "வேணாங்க. வண்டி நின்னு போகும்."

"போகாது. சுவிட்ச் வச்சிருக்கேன்."

பையிலிருந்து அவள் வலது கை மெல்ல எழுந்தது. கியரின் மேல் உட்கார்ந்தது. உட்கார்ந்ததும் எஞ்சின் ஓவென்று உறுமியது, கார் தளர்ந்தது. சுவிட்ச் வேலை செய்யவில்லை. பின்னால் செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஹார்னை அழுத்தியது.

அக்காள் வெடுக்கென்று கையை இழுத்துப் பையைப் பிடித்துக்கொண்டு கண்ணை இறுக மூடினாள். எதற்குக் காத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். நானும் அதற்குத்தான் காத்திருந்தேன்.

மச்சான் காரை ஓரங்கட்டினார். லோரி கடந்து போனது. பிறகு அவள் மடிக்குக் கையை நீட்டி, அவள் விரல்களைப் பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, அந்தக் கையைக் கியரின் மேல் வைத்து, அதன் மேல் தன் கையை வைத்தார்.

"வண்டி நின்னுடுச்சுங்க" என்றாள் அக்காள்.

"நிக்கட்டும்." குரல் உடைந்துவிட்டது அவருக்கு. "நீ வந்துடு ராணி. எனக்கு முடியல. ஒத்தையா உக்காந்து சோறு திங்க முடியல. போதும், வந்துடு."

முப்பத்தாறு வருசக் குடித்தனத்தில் அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. எனக்கே அழுகை வந்துவிட்டது. இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்து மூக்கைத் துடைத்தேன்.

அக்காள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பினாள். பிறகு, "வியாழக்கிழமை கையெழுத்துப் போட்டுட்டேங்க" என்றாள்.

மச்சான் அவள் பக்கம் திரும்பினார்.

"இந்த ரெண்டு வருசமும் மாசாமாசம் வந்தேன். இன்னைக்குச் சொல்லுவீங்க, இன்னைக்குச் சொல்லுவீங்கன்னு பாத்துட்டு பாத்துட்டுத்தான் பஸ் ஏறினேன். போன மாசமும் காருக்கு அடியிலயே படுத்திருந்தீங்க."

"கிழிச்சுப் போடுடி அந்தக் காயிதத்த!" என்றேன் நான். அக்காள் தலையை ஆட்டினாள். வேலை பெர்மிட்டைப் புதுப்பித்துவிட்டார்களாம், இவளை நம்பி ஒரு வரிசை ஆட்களையே கொடுத்திருக்கிறார்களாம். சொன்ன சொல்லை மாற்றத் தெரியாதவள் அவள். நல்ல குணம்தான், எரிச்சலாக வருகிறது.

ஆனால் கையை எடுக்கவில்லை. அவர் கைக்குக் கீழேயே அது இருந்தது. எஞ்சின் சும்மா ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் பூசை முடிந்து வந்து மச்சான் திருப்புளியோடு காருக்குள் குனிந்தார். சுவிட்சைச் சரிபார்க்கிறார் என்று நினைத்தேன். கழற்றி எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டார். ரூபேந்திரனுக்குச் சந்தோசம், மதிப்பைக் கூட்டி எழுதித் தருவதாகப் போனில் சொன்னாராம். இவர் எவ்வளவு என்றுகூடக் கேட்கவில்லை.

வழக்கமாகக் கூலாயில் பஸ் ஏறுகிற அக்காளை அன்றைக்கு "நானே கொண்டு போயி விடுறேன்" என்றார். மத்தியானச் சாப்பாடு முடித்து இரண்டு மணிக்குக் கிளம்பினார்கள். செடெனாக்கிலிருந்து ஜொகூர் பாரு போக ஒரு மணி நேரம், மிஞ்சிப்போனால் ஒன்றரை. நாலு மணியாயிற்று, போன் இல்லை. ஐந்தாயிற்று. நான் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். ஐந்தரைக்கு அக்காள் கூப்பிட்டாள்.

"இப்பத்தாண்டி வந்து சேந்தோம்."

"மூணரை மணி நேரமா? வண்டி மக்கர் பண்ணிருச்சா?"

"வண்டிக்கு ஒண்ணுமில்லடி. வழியெல்லாம் நின்னு நின்னு வந்தோம். கையை வச்சா நான் லேசுல எடுக்கல. அவரும் எடுன்னு சொல்லல."