சிவப்புக் கோட்டுக்கு வெளியே ஒரு ஜோடி

என் அக்கா வீட்டுக்காரரை வாய் நிறைய மாமா என்றுதான் கூப்பிடுவேன். மனதுக்குள் அவருக்கு நான் வைத்த பெயர் ‘கட்டைச் செருப்பு’. தேடித் தேடி, மரப்பலகை போல விறைப்பாக இருப்பதையே வாங்குவார். முப்பது வருஷம் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் அட்டெண்டராக ஓடிய கால். ஓய்வு பெற்றும் அதற்கு நிம்மதி தரமாட்டேன் என்று அடம்பிடித்தார்.

போதாக்குறைக்குச் சர்க்கரை வேறு. போன மாதம் கால் கட்டைவிரலில் புண் வந்து, ஒருவழியாக ஆறியது. “மெத்துன்னு ஒரு செருப்பு வாங்குங்க. இன்னொரு புண் வந்தா விரல் தப்பாது” என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். அக்கா நடுங்கிப்போனாள். அவரைக் கடைக்கு இழுத்து வரும் பொறுப்பை என் தலையில் கட்டியதோடு நிற்காமல் தானும் கூடவே வந்தாள்.

கடைக்காரர் ஏழு ஜோடி எடுத்துப் போட்டார். மாமா ஒவ்வொன்றையும் விரலால் அழுத்திப் பார்த்து, அழுந்தியதை எல்லாம் ஓரம் தள்ளினார்.

“மாமா, செருப்பு வாங்க வந்தீங்களா, கடையையே வாங்க வந்தீங்களா?” என்றேன். அவர் சிரிக்கவில்லை.

எட்டாவது ஜோடி பழுப்பு நிறம். முன்னால் அகலப் பட்டை, பின்னால் வார். அக்கா பிடித்துத் தள்ளாத குறையாக அவரை அதில் ஏற்றி நிறுத்தினாள். கால் உள்ளே போனதும் மாமாவின் முகம் வெளுத்துவிட்டது. குனிந்து வாரை அவிழ்த்தார்.

“கடிக்குதாங்க?” என்றாள் அக்கா.

“இல்ல. சுகமாத்தான் இருக்கு. வேணாம்.”

எனக்குப் பொறுமை போய்விட்டது. “விரல் போனாலும் பரவாயில்லையா உங்களுக்கு?” என்று கத்திவிட்டேன். கடைக்காரர் நாசூக்காக உள்ளே போய்விட்டார். மாமா பெஞ்சில் உட்கார்ந்து, செருப்பைப் பார்த்தபடியே சொல்ல ஆரம்பித்தார்.

தியேட்டர் வாசலில் தரையில் ஒரு சிவப்புக் கோடு உண்டு. வெளிச் செருப்பு அதைத் தாண்டக் கூடாது. நடந்து வரும் நோயாளிகள் அங்கே கழற்றிவிட்டு உள்ளே போவார்கள். மாமா அந்தச் செருப்புகளைத் திருப்பி, வாசலைப் பார்க்க வைப்பார். வெளியே வரும்போது எல்லோரும் ஸ்ட்ரெச்சரில்தான் வருவார்கள், செருப்பு மாட்டப் போவதில்லை. ஆனாலும் செருப்பு வெளியே பார்த்திருந்தால் ஆள் திரும்பிப் போய்விடும் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு விளையாட்டு டீச்சர் வந்தாள். நல்ல உயரம். “அண்ணே, இதைக் கொஞ்சம் பாத்துக்கங்க. நேத்துதான் எங்க வீட்டுக்காரர் வாங்கிட்டு வந்தார். வார்டைத் தாண்டி இன்னும் போடவே இல்ல. என் காலுக்கு ஆம்பளை சைஸ்தான் சேரும், கிடைக்கிறதே கஷ்டம்” என்று சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். “யாரும் தொடமாட்டாங்கம்மா, நான் பொறுப்பு” என்று சொல்லி மாமா திருப்பி வைத்தார்.

உள்ளே ரத்தப்போக்கு நிற்கவில்லை. இன்னும் ரத்தம் வேண்டும், ஓடு என்றார்கள். மாமா கோட்டருகே தியேட்டர் செருப்பை உதறிவிட்டு, காலில் பட்டதை மாட்டிக்கொண்டு, மழைச் சேற்றில் முற்றத்தைக் கடந்து ரத்த வங்கிக்கு ஓடினார். திரும்பி வந்தபோது நர்ஸ் உதட்டைப் பிதுக்கினாள். அப்போதுதான் மாமா குனிந்து பார்த்தார். அவளுடைய செருப்பில் நின்றுகொண்டிருந்தார்.

“ஓடும்போதே தோணுச்சு, என்ன இவ்வளவு மெத்துன்னு இருக்குன்னு. அவ உள்ள செத்துக்கிட்டு இருக்கா, எனக்குக் கால் சுகமா இருந்துச்சு.”

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள்.

“அவ வீட்டுக்காரர் வந்து அதை எடுத்தார். அடியெல்லாம் ஈரச் சேறு. தொட்டுத் தொட்டுப் பாத்தார். ‘எனக்குத் தெரியாம வெளிய போய்க் கொஞ்ச தூரம் நடந்திருக்கா சார், ஆசையா நடந்திருக்கா’ன்னு அழுதுக்கிட்டே சிரிச்சார். நான் வாயே திறக்கல. இப்பவும் மெத்துன்னு ஏதாவது காலில் பட்டா ‘அண்ணே’ன்னு கூப்பிடுறா. நான் எடுத்துட்டுப் போனதாலதான் அவளால வெளிய வர முடியலையோ?”

எனக்கு என் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அக்கா தரையில் உட்கார்ந்து, அவர் அவிழ்த்த வாரை மறுபடி மாட்டினாள்.

“கூப்பிட்டா கூப்பிடட்டுங்க. கால் இருந்தாத்தானே ‘என்னம்மா’ன்னு எழுந்து போக முடியும்?” என்றாள்.

அதிலேயே வீட்டுக்கு நடந்து வந்தார். வாசலில் கழற்றி, வெளியே பார்க்கத் திருப்பி வைத்தார். அடியில் ஒட்டிய மண்ணைத் துடைக்கலாம் என்று நான் குனிந்தேன். “வேணாம்டா, இருக்கட்டும்” என்றார்.

இப்போது தினமும் போடுகிறார். விரலுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் காலை நுழைப்பதற்கு முன் கொஞ்சம் நின்று, “இங்கதாம்மா, கொண்டுவந்து வச்சிடுறேன்” என்று மெதுவாகச் சொல்கிறார். நானும் அக்காவும் காதில் விழாத மாதிரி இருந்துவிடுகிறோம்.